முதல் நாளுக்கு முந்தைய ராத்திரி: மாதவிடாய் வலிக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

என் அக்கா மகள் ராமநாதபுரத்தில் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். பாம்பனிலிருந்து தினமும் பஸ். மாதத்தில் இரண்டு நாள் அந்தப் பஸ்ஸில் அவள் இருக்க மாட்டாள். பிடிவாதமாக ஏறிவிட்டால், உச்சிப்புளி தாண்டுவதற்குள் வாந்தி வந்து இறங்க வேண்டியிருக்கும். போன செமஸ்டரில் ஒரு பரீட்சையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து வந்தாள். இந்த முறை கால அட்டவணை வெளியான அன்றே எனக்குப் போன் செய்தாள். "சித்தி, பத்தொன்பதாந் தேதி பேப்பர். எனக்கு அன்னிக்குத்தான் வரும். இப்ப என்ன செய்யட்டும்?"

பரீட்சைக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அதுவரை வீட்டில் அவளுக்கு நான்கு யோசனைகள் கிடைத்திருந்தன. எங்கம்மா சுக்கும் வெந்தயமும் என்றாள். அக்கா பொறுத்துக்கொள்ளச் சொன்னாள். கூடப் படிக்கிற பெண் ஒரு மாத்திரையின் பெயரைச் சொன்னாள். பக்கத்து வீட்டம்மா பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். நான்கிலும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் நான்கும் ஒரே கேள்விக்கான பதில்கள் அல்ல. வலியில் சுருண்டு கிடக்கும்போது யோசித்தால் எது கைக்குக் கிடைக்கிறதோ அதுதான் மருந்து. வலி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசினோம். அன்று பேசியதை எழுதுகிறேன்.

முதலில், வலி ஏன் வருகிறது? கருப்பையின் உட்சுவர் கழன்று வெளியேறும் நேரத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் அங்கே சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிடிக்கிறது. இறுகும்போது அந்தத் தசைக்கு வரும் ரத்தம் குறைகிறது. அதுதான் வலி. யாருக்கு இந்தப் பொருள் கூடுதலாகச் சுரக்கிறதோ அவருக்கு வலியும் கூடுதல். இது ரத்தத்தில் கலந்தால் குடலையும் இறுக்கும். முதல் நாள் காலையில் வயிற்றுப்போக்கு, குமட்டல், தலைவலி, தலைச்சுற்றல் எல்லாம் சேர்ந்து வருவது இதனால்தான். "நேத்து ராத்திரி சாப்பிட்ட நண்டு ஒத்துக்கல" என்று மாதாமாதம் நண்டின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தாள் இவள். இடுப்பும் தொடையும் உளைவதற்குக் காரணம் வேறு. கருப்பையின் வலிச் செய்தியும் இடுப்பு, தொடைகளின் செய்தியும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் போய்ச் சேருகின்றன.

பொறுத்துக்கொள்வது என்ற யோசனையை அக்கா சும்மா சொல்லவில்லை. அவள் கடல்பாசி எடுக்கப் போகிறவள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மூச்சுப்பிடித்து முங்கி, பாறையிலிருந்து பாசியைப் பறித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு வருகிற வேலை. அந்த மூன்று நாளில் போகாவிட்டால் கூலி இல்லை. அதனால் போயிருக்கிறாள். "நாங்க தாங்கலையா?" என்கிறாள். தாங்கினாள், உண்மைதான். ஆனால் அவளுக்கு வேறு வழி இருந்ததா என்று அவளையே கேட்டேன், பதில் வரவில்லை. பொறுத்துக்கொள்வதால் வலி குறையப்போவதில்லை. போகிற கூலியும் போகிற பாடமும்தான் அதன் விலை. லேசான வலிக்கு இது போதும், தவறில்லை. மாதம் இரண்டு நாள் பாயைவிட்டு எழ முடியாதவளுக்கு இதை ஒரு வழியாகவே நான் எண்ண மாட்டேன். "கல்யாணம் ஆனாச் சரியாப்போகும்" என்பதும் இதே வகைதான். வயது ஏற ஏறச் சிலருக்கு வலி குறைவதுண்டு, குழந்தை பெற்றபின் குறைவதும் உண்டு. அதற்காகப் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளையை மருந்தாக எழுதிக்கொடுப்பதா?

அடுத்தது சூடு. எங்கள் பக்கம் உப்புக்குப் பஞ்சமில்லை, வாலிநோக்கத்தில் அரசு உப்பளமே இருக்கிறது. கல்லுப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் மூட்டை கட்டி அடிவயிற்றில் ஒத்தடம் கொடுப்பது எங்கம்மாவின் பழக்கம். இதைக் கைவைத்தியம் என்று ஒதுக்க வேண்டாம். சுமார் 39 டிகிரி வெப்பத்தை அடிவயிற்றில் தொடர்ந்து வைத்திருந்தால், ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரைக்கு இணையாக வலி குறைகிறது என்று 2001-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அளவோடு வைத்தால் பின்விளைவு கிடையாது, விலையும் கிடையாது. வெந்நீர்ப் பையோ கரண்ட் பையோ எதுவானாலும் சரி. ஆனால் துணி சுற்றி வைக்க வேண்டும். நேரடியாக, மணிக்கணக்கில், மாதாமாதம் சூடு வைத்தால் தோலில் வலைபோலக் கறுப்புத் தடம் விழும். என் வயிற்றில் இருக்கிறது. சூட்டின் உண்மையான குறை ஒன்றுதான், அது வீட்டுக்குள் மட்டும் வேலை செய்யும். பஸ்ஸிலும் பரீட்சை ஹாலிலும் உப்பு மூட்டையோடு உட்கார முடியாது.

கஷாயத்துக்கு வருவோம். இதில் சுக்கைத் தனியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். இஞ்சிப் பொடியை நாளைக்கு நான்கு வேளை, வேளைக்கு 250 மில்லிகிராம் கொடுத்து, மெஃபனமிக் ஆசிட் என்ற வலி மாத்திரையோடும் ஐபுபுரூஃபனோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள் ஈரானில். 2009-இல் வெளியான அந்த ஆய்வில் மூன்றும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. சிறிய ஆய்வு, அதை வைத்து மாத்திரையைத் தூக்கிப்போடச் சொல்ல மாட்டேன். ஆனால் சுக்குக் காபி வெறும் ஆறுதல் மட்டுமல்ல என்று எங்கம்மாவிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வெந்தயம், ஓமம், பெருங்காயம் போட்ட மோர் எல்லாம் வயிற்று உப்புசத்துக்கும் குமட்டலுக்கும் இதமாக இருக்கும், குடிக்கலாம். உளுந்தங்களி வலி மருந்து அல்ல, சாப்பாடு. ஆனாலும் இந்தக் கதையில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். கருப்பட்டியில் இரும்புச்சத்து இருக்கிறது என்று நம்பி ரத்தசோகையை விட்டுவிடுவதுதான் ஆபத்து. சோகைக்கு அது போதவே போதாது.

உடற்பயிற்சியும் உதவும். வாரத்தில் மூன்று நாள், முக்கால் மணி நேரமாவது வேர்க்க நடந்தால் சில மாதங்களில் வலி குறையக்கூடும். ஒன்றரை மாதத்தில் பரீட்சை வருகிறவளுக்கு இதை மட்டும் சொல்லி அனுப்ப முடியாது.

இப்போது மாத்திரை. பயமும் அசட்டுத் துணிச்சலும் அதிகம் இருப்பது இங்கேதான். எங்கள் ஊரில் மெடிக்கலில் போய் "பீரியட்ஸ் வலிக்கு ரெண்டு குடுங்க" என்றால், அட்டையிலிருந்து இரண்டை வெட்டித் தாளில் மடித்துத் தருவார்கள். அதில் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. அட்டையோடு கேட்டு வாங்குங்கள். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டில் வாங்க வேண்டிய மருந்து.

பாராசிட்டமால் எல்லோர் வீட்டிலும் இருக்கும், வயிற்றைப் புண்ணாக்காது. ஆனால் புரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் வேலையில் அது பின்தங்கியதுதான். மெஃபனமிக் ஆசிடும் ஐபுபுரூஃபனும் வலியின் வேரான அந்தச் சுரப்பையே குறைக்கின்றன. வலி, வயிற்றுப்போக்கு, குமட்டல் எல்லாம் சேர்ந்து தணிவது அதனால்தான். வழக்கமான அளவு, மெஃபனமிக் என்றால் 500 மில்லிகிராம் நாளைக்கு மூன்று வேளை, ஐபுபுரூஃபன் என்றால் 400 மில்லிகிராம் மூன்று வேளை. இரண்டில் ஒன்றுதான், சேர்த்துப் போடக் கூடாது. இரண்டு மூன்று நாளுக்கு மேல் தேவைப்படாது.

தோழி சொன்ன மாத்திரை மெஃபனமிக்கோடு டைசைக்ளோமின் கலந்தது. கல்லூரி விடுதிகளில் ரொம்பப் பிரபலம். டைசைக்ளோமின் குடல் பிடிப்பைத் தளர்த்தும் மருந்து. வாய் உலரும், சிலருக்குத் தூக்கம் வரும், கிட்டத்து எழுத்து மங்கும். கேள்வித்தாளைப் படிக்க வேண்டிய நாளில் இது எதற்கு? கலப்பில்லாத மாத்திரையையே நான் தேர்ந்தெடுப்பேன்.

எந்த மாத்திரை என்பதைவிட எப்போது என்பதுதான் பெரிய கேள்வி. இவள் இதற்கு முன் மாத்திரையே போடாதவள் அல்ல. போட்டாள், கேட்கவில்லை என்றாள். எப்போது போட்டாய் என்று கேட்டேன். "தாங்கவே முடியாதப்பதான் சித்தி." அதுதான் சிக்கல். மெஃபனமிக் ரத்தத்தில் உச்ச அளவை எட்டவே 2 முதல் 4 மணி நேரம் ஆகும். அதற்குள் சுரக்க வேண்டியதெல்லாம் சுரந்து, கருப்பை இறுகி, பிள்ளை வாந்தியும் எடுத்துவிடுகிறாள். வாந்தியோடு மாத்திரையும் போய்விடுகிறது. அறிகுறி தெரிந்த உடனே, தேதி தவறாமல் வருகிறவர்கள் முந்தைய நாள் ராத்திரியே, ஆரம்பித்துவிட வேண்டும். பிறகு வலி வந்ததா என்று பார்த்துப் பார்த்துப் போடாமல், முதல் இரண்டு நாள் வேளை தப்பாமல் போட வேண்டும். கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்கள் முன்கூட்டிப் போடக் கூடாது.

சாப்பிட்டபின் போட வேண்டும். உளுந்தங்களிக்கு நான் சொன்ன வேலை இதுதான். காலை ஆறு மணிக்கு இட்லி இறங்காதவளுக்கும் நல்லெண்ணெய் விட்ட களி இரண்டு வாய் இறங்கும். அதன்மேல் மாத்திரை போகலாம். பாட்டி வைத்தியமா, இங்கிலீஷ் மருந்தா என்ற சண்டை எங்கள் வீட்டில் இந்த இடத்தில் தீர்ந்தது.

இந்த மாத்திரைகள் எல்லோருக்கும் ஆகாது. அல்சர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், வலி மாத்திரை போட்டால் இழுப்பு வருகிற ஆஸ்துமாக்காரர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சலும் உடம்புவலியும் சேர்ந்து வந்தால் டெங்குவாக இருக்கலாம், அப்போது பாராசிட்டமால் மட்டுமே. மெஃபனமிக் சிலருக்கு அபூர்வமாகக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்குகிறது என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. போட ஆரம்பித்தபின் காய்ச்சல், உடம்பெங்கும் தடிப்பு, முகவீக்கம், நெறிகட்டுதல் வந்தால் நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சில வாரம் கழித்து வந்தாலும்தான்.

மனசைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. வீட்டில் யாரும் கேட்காததும் அதைத்தான். போனில் வயிற்றுவலியைப் பற்றித்தான் ஆரம்பித்தாள். அரைமணி நேரம் கழித்து, "தேதி நெருங்கினாலே பயமா இருக்கு, யார் பேசினாலும் எரிச்சல் வருது, ராத்திரி சும்மா அழுகை வருது" என்றாள். இதில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, வலிக்குப் பயந்து வருகிற மனக்கலக்கம். மாதாமாதம் ஒரு அடி விழும் என்று தெரிந்தால் உடம்பு முன்னதாகவே விறைத்துக்கொள்கிறது, தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டால் வலி இன்னும் உறைக்கிறது. வலியை அடக்கினால் இது பெரும்பாலும் தானாகத் தணியும். இன்னொன்று வலியோடு சம்பந்தமில்லாதது. தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே ஹார்மோன் மாற்றத்தில் வந்து, உதிரம் பட்ட ஓரிரு நாளில் விட்டுப்போகிற எரிச்சல், அழுகை, மார்பு கனம், வீக்கம். இதற்கு வலி மாத்திரை பெரிதாக எதுவும் செய்யாது. இதன் கடுமையான வடிவத்தை பி.எம்.டி.டி என்கிறார்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்கும் அது போகலாம், மருந்தும் சிகிச்சையும் உண்டு.

எது என்று கண்டுபிடிக்க ஒரு குறிப்புப் புத்தகம் போதும். தேதி, வலி பத்துக்கு எத்தனை, மனசு எப்படி, தூக்கம் எப்படி. இரண்டு மாதம் எழுதினால் தெரிந்துவிடும். எங்கள் பக்கம் ஒரு பெண் மாதாமாதம் அழுதால் ஏர்வாடி தர்காவுக்கு ஒரு நடை போய்வரச் சொல்ல யாராவது இருப்பார்கள். போவது அவரவர் நம்பிக்கை, தேதியைக் குறித்துவிட்டுப் போகட்டும். செத்துவிடலாம் போல வருகிறது என்று ஒருத்தி சொன்னால் மட்டும் இரண்டு மாதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம், அரசின் டெலி மானஸ் இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக டாக்டர், ஸ்கேன். இதில் எனக்குச் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. எனக்கு இருபத்து மூன்று வயதுவரை பெரிய வலி கிடையாது. அதற்கப்புறம் வருஷத்துக்கு வருஷம் ஏறியது. தேதிக்கு நான்கு நாள் முன்பே ஆரம்பித்து, முடிந்தபிறகும் நிற்கவில்லை. மலம் கழிக்கும்போது உயிர் போகும். ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்குக் கிடைத்தது கல்யாண யோசனைதான். இன்னொரு இடத்தில் அல்சர் என்றார்கள். சினைப்பையில் சாக்லேட் கட்டி, அதாவது பழைய ரத்தம் தேங்கிய கட்டி, என்று தெரியவந்தபோது எனக்கு இருபத்தொன்பது. எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்கிற நோய்.

அதனால் அக்கா மகளிடம் துருவித் துருவிக் கேட்டேன். வயசுக்கு வந்து ஒரு வருஷத்தில் வலி ஆரம்பித்தது. உதிரம் பட்ட சில மணி நேரத்தில் வருகிறது, முதல் நாள் உச்சம், மூன்றாம் நாள் காலையில் இல்லை. இடையில் வலி கிடையாது. வருஷா வருஷம் கூடவும் இல்லை. இது சாதாரண வகை. இதற்கு முதல் வேலையாக ஸ்கேன் தேவையில்லை. மாத்திரையைச் சரியான நேரத்தில், மூன்று மாதம் போட்டும் கேட்கவில்லை என்றாலோ, என்னுடையது போன்ற அடையாளம் ஏதாவது தெரிந்தாலோ, ஒரு மணி நேரத்துக்கொருமுறை நாப்கின் நனைந்தாலோ அப்போது போக வேண்டும். காய்ச்சலும் நாற்றமுள்ள வெள்ளையும் சேர்ந்த வலி என்றால் அன்றைக்கே.

ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. கல்யாணமாகாத பெண்ணுக்கு வயிற்றின் மேலே வைத்தே ஸ்கேன் எடுப்பார்கள், சிறுநீரை அடக்கிக்கொண்டு போனால் போதும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். பாதிப் பேர் பயப்படுவது உள்ளே வைத்து எடுப்பார்களோ என்றுதான். ஸ்கேன் சுத்தமாக வந்தாலும் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று ஆகிவிடாது. அப்போது அந்தக் குறிப்புப் புத்தகம்தான் உங்களுக்காகப் பேசும்.

டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதினால் வீட்டில் இடி விழும். "குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையா, கன்னிப் பொண்ணுக்கா?" அரசு இலவசமாகத் தருகிற மாலா-என் அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரையும் 7 இரும்புச்சத்து மாத்திரையும் இருக்கும். அதே வகை ஹார்மோன்தான் இங்கே வலிக்கு வேலை செய்கிறது. கருப்பைச் சுவர் தடித்து வளர்வதைக் குறைக்கிறது, சுவர் மெலிந்தால் புரோஸ்டாகிளாண்டினும் குறைவு. நிறுத்தினால் பிள்ளை பெறும் திறன் திரும்பிவிடும். உதிரப்போக்கும் அதிகம், வலி மாத்திரையும் கேட்கவில்லை என்பவர்களுக்கு இது நல்ல வழி. கண்முன் ஒளிக்கீற்று தெரிந்து வருகிற ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும், ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும், ரத்தக்கொதிப்புக்காரர்களுக்கும் ஆகாது. அதனால் அக்கம்பக்கத்தில் வாங்கித் தாமாக ஆரம்பிக்கிற மருந்து அல்ல. ஆரம்ப மாதங்களில் குமட்டலும் திட்டுத்திட்டாக உதிரமும் வரலாம். இவளுக்கு இப்போது தேவையில்லை என்று விட்டுவிட்டோம்.

நாங்கள் எடுத்த முடிவு இது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மாவிடம் ஒருமுறை காட்டி, மெஃபனமிக்குக்குச் சீட்டு வாங்கினோம். கூடவே ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 9.4 இருந்தது, 12-க்குக் குறையக் கூடாது. களைப்பையும் படபடப்பையும் எல்லாம் "அந்த நாள்" கணக்கில் எழுதிக்கொண்டிருந்தாள், பாதி சோகையுடைய வேலை. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், டீயோடு சேர்த்துப் போடக் கூடாது என்றார்கள்.

பரீட்சைக்கு முந்தைய மாதம் ஒரு ஒத்திகை. புது மாத்திரையை முதன்முதலாகப் பரீட்சையன்று போட்டுப் பார்ப்பது மடத்தனம். முந்தைய ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒன்று, காலையில் களி, இன்னொன்று, பஸ் ஏறும்வரை வெந்நீர்ப் பை. வலி பத்துக்கு எட்டிலிருந்து மூன்றுக்கு வந்தது. வாந்தி இல்லை. பஸ்ஸில் ராமநாதபுரம்வரை போனாள். முந்தைய வாரத்து எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது, அதைப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள். பத்தொன்பதாம் தேதிப் பரீட்சையை முழுசாக எழுதினாள். உதிரம் வந்தது இருபதாம் தேதி.

மாத்திரை கேட்கிறது என்று தெரிந்ததும் எங்கம்மா தன் முழங்காலுக்கும் இரண்டு கேட்டாள். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போடுகிறவளுக்கு அது ஆகாது என்று சொன்னேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. சாயங்காலம் பேத்தி போய் கல்லுப்பை வறுத்து மூட்டை கட்டி வைத்தபிறகுதான் காலை நீட்டினாள்.